மழையும் வெயிலும் மட்டும்

"வேற இங்கிலீஷ் எதுவும் வேணாம் டீச்சர். மழை, வெயிலு, மேகம், காத்து... இதுக்கு உண்டான பேச்சு மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்."

கடலாடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த வீரபத்திரன் இப்படிச் சொன்னதும் வகுப்பில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சாலிஹா கீழக்கரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர். துபாய்க்கும் கத்தாருக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான் அவரிடம் வருவார்கள். அறுபதைத் தாண்டிய மிளகாய் விவசாயி ஒருவர் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"முதல்ல பேரு, ஊரு சொல்லிப் பழகுவோமே அய்யா?"

"அது எதுக்கு? எம் பேரு அவருக்கே தெரியும்."

"எவருக்கு?"

"எங்க சம்பந்திக்கு. இங்கிலாந்துல இருக்காரு. வெள்ளைக்காரரு."

ஓகோ, சங்கதி இதுதானா! மகள் வெள்ளைக்காரரைக் கட்டியிருக்கிறாள். சம்பந்தியிடம் இங்கிலீஷில் பந்தா காட்ட வேண்டும். ஐப்பசி பிறந்தும் ஒரு பொட்டு மழை இல்லை, விதைத்த மிளகாய் முளைக்காமல் கிடக்கிறது. இந்த லட்சணத்தில் இவருக்கு இப்படி ஓர் ஆசை! சாலிஹாவுக்கு எரிச்சலாக வந்தது.

இருந்தாலும் சொல்லிக்கொடுத்தார். வானம் வெளுத்தால் 'ப்ரைட்டன் அப்'. உடம்புக்கு முடியவில்லை என்றால் 'அண்டர் த வெதர்'. மழை கொட்டித் தீர்த்தால் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'.

"பூனையும் நாயுமா? எங்க ஊர்ல ஒரு எலிக்குஞ்சுகூட விழ மாட்டேங்குதே டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஞாயிறு தவறாமல் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடத்தில் 'ரெயினி டே' வந்தது.

"ரெயினி டேன்னா கஷ்ட காலம். அந்த நாளுக்குன்னு ஏதாவது சேத்து வைக்கணும்னு சொல்லுவாங்க" என்றார் சாலிஹா.

வீரபத்திரன் பேனாவைக் கீழே வைத்தார்.

"மழை நாளு கஷ்ட காலமா? எந்த மடப்பய சொன்னது? கடலாடிப் பக்கம் வந்து சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

சொன்னவரின் முகம் சட்டென்று மாறியது.

"டீச்சர்... போன வாரம் போன்ல நான் சம்பந்திக்கு வாழ்த்து சொன்னேனே."

"என்னன்னு?"

"ஐ விஷ் யூ மெனி ரெயினி டேஸ்."

முன் வரிசையில் இருந்த மாணவி மஜீதா குபீரென்று சிரித்துவிட்டாள். "அய்யய்யோ! நெறைய கஷ்டம் வரட்டும்னுல்ல வாழ்த்தியிருக்கீக!"

"அதான் ஒண்ணும் சொல்லாம போனை வச்சுட்டாரா? நான் சிக்னல் போச்சுன்னுல்ல நெனச்சேன்."

சாலிஹாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "பெருமைக்காக அரைகுறையாப் பேசினா இப்படித்தான் ஆகும் அய்யா. அவரு மனசு என்ன பாடு பட்டுச்சோ!"

"பெருமைக்கா வாரேன் டீச்சர்?"

வீரபத்திரன் நோட்டை மூடி வைத்தார்.

"அவரு வீட்டம்மா தை மாசம் தவறிப்போச்சு. அதுல இருந்து மனுசன் வாயத் தொறக்கல. மாப்ள வேலைக்குப் போயிட்டா, பகலெல்லாம் அந்த வீட்ல அவரும் எம் மக பானுப்பிரியாவுந்தான். ஒரு வார்த்த கிடையாது. இவ பேச வாயெடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாராம். 'அவருக்கு என்னயப் பிடிக்கல அய்யா, நான் ஊருக்கே வந்துரட்டுமா'ன்னு புள்ள போன்ல அழுகுது."

"அதுக்கு எதுக்கு மழைப் பேச்சு?"

"அவரும் வெவசாயிதான், கோதும வெதைக்கிறவரு. பொண்டாட்டியப் பறிகுடுத்தவர்கிட்ட வேற என்னத்த டீச்சர் கேக்க? மழைய மட்டுந்தான் கேக்கலாம். எந்த ஊரு வெவசாயியா இருந்தாலும் அதுக்கு மட்டும் பதில் சொல்லிருவான். எங்கிட்ட வாயத் தொறந்துட்டா எம் மககிட்டயும் தொறப்பாருன்னு பாத்தேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நானே கெடுத்துட்டேன்."

இந்த மனுஷரைப் போயா பந்தாப் பேர்வழி என்று நினைத்தோம்! சாலிஹாவுக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை வந்தது.

அப்போது வீரபத்திரனின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சம்பந்தி! எப்பவும் நாந்தான் கூப்புடுவேன். இன்னைக்கு அவராக் கூப்புடுறாரு. திட்டப்போறாரு டீச்சர்."

"ஸ்பீக்கர்ல போடுங்க. நான் வெளக்கிச் சொல்லிர்றேன்."

பட்டனைத் தொட்டார்.

"ஹலோ சார்... சாரி சார்... ரெயினி டே..."

அந்தப் பக்கம் ஒரு முதியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"சம்... பந்தி... உங்க... ஊர்ல... மழ... பேஞ்சுச்சா?"



"மாஷா அல்லாஹ்! தமிழ்ல கேக்குறாரே! பதில் சொல்லுங்க அய்யா" என்றார் சாலிஹா, முகமெல்லாம் சிரிப்பாக.

வீரபத்திரன் கண்ணீர் வழிய, போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அந்த வீட்ல தமிழ் தெரிஞ்ச ஒரே ஆளு எம் மகதான டீச்சர்!"