கல்லுப்பாலத்துக் கேமரா

"கேமராவக் கழட்டக் கூடாது சாரே!"

பஞ்சாயத்துக் கூடத்தில் சிரிப்பு வெடித்தது.

கல்லுப்பாலம் வளைவில் வைத்த போக்குவரத்துக் கேமராவை எடுக்கச் சொல்லி ஊரே மனுக் கொடுத்திருந்தது. விசாரிக்க வந்த வாகன ஆய்வாளர் நிசார் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து பேசியவர்களில் கேமராவுக்காகப் பேசிய ஒரே ஆள் இந்த அம்மாள்தான்.

"ஓமனாச்சேச்சி, இருந்த காரையும் வித்தாச்சு. கேமரா இருந்தா என்ன, போனா என்ன உங்களுக்கு?" என்றான் ஆட்டோ ஓட்டும் ஷிபு.

"கறுப்புச் சட்ட போட்டேன் சாரே. சீட் பெல்ட் தெரியலன்னு எனக்கு நோட்டீஸ்!" என்றார் ஒருவர்.

"பொண்டாட்டி புள்ளையோட பைக்ல போனா மூணு பேராம். புள்ளைய என்ன, தலையிலயா வச்சுக்கறது?" என்றார் இன்னொருவர்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஓமனா உட்காரவில்லை. ஆய்வாளரின் மேசை வரை நடந்து வந்தார்.

"தப்பா வந்த நோட்டீஸ ரத்து பண்ணுங்க. வேணாங்கல. ஆனா கேமரா அங்கயே இருக்கணும்."

"ஏம்மா இவ்வளவு பிடிவாதம்?" என்றார் நிசார்.

"ரெண்டு வருஷம் முன்னால டியூஷன் முடிஞ்சு நடந்து வந்தா அனுஸ்ரீ. பதினாறு வயசு. அந்த வளைவுல ஒரு கார் அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. மழையில ஒரு மணி நேரம் கெடந்தா. போலீசால இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. அன்னிக்குக் கேமரா இருந்திருந்தா, அதுக்குப் பயந்தாவது அவன் மெதுவா வந்திருப்பான்."

ஷிபு தலை குனிந்துகொண்டான்.

"மனுவ வாபஸ் வாங்கச் சொல்லுங்க சாரே. இல்லாட்டி நான் இங்கருந்து நகர மாட்டேன்."

நிசார் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கம்மா. பெத்த மகளப் பறிகொடுத்த வலி எனக்குப் புரியுது."

"அவளப் பெத்தவ அதோ, கடைசி வரிசையில இருக்கா சாரே." ஓமனா திரும்பி, அந்தப் பெண்ணின் கண்களை நேராகப் பார்த்தார். "நான் அடிச்சுட்டு ஓடுனவனப் பெத்தவ."