ஒடிந்த மூன்று மில்லிமீட்டர்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு பல்லின் கதை சொல்கிறேன். பேய் வராது. ஆனாலும் பயமாக இருக்கும்.

லினெட் கம்பியை வெளியே இழுத்தபோது அது குட்டையாக இருந்தது.

பல்லின் வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்கிற கம்பி. தலைமுடி மாதிரி மெல்லிசு, முறுக்கு முறுக்காக இருக்கும்.

ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருபத்திரண்டுதான் இருந்தது.

மிச்சம் மூன்று, நாற்காலியில் படுத்திருந்த ஆனந்தமேரியின் கடைவாய்ப் பல்லுக்குள், வேரின் அடியில் ஒடிந்து நின்றுவிட்டது.

தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. லினெட்டின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

புதுச்சேரியில் பல் டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிற பெண் அவள். பரீட்சை எழுத வேண்டுமென்றால் இத்தனை பல் பார்த்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் ஒரு கோட்டா உண்டு. பேஷண்டை மாணவர்களேதான் தேடிப் பிடித்து வர வேண்டும். ஆட்டோக்காரரிடம், மீன்காரம்மாவிடம், பூசை முடிந்து கோயிலை விட்டு வருகிறவர்களிடம், “பல்லு ஏதாவது வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டு அலைவார்கள், பாவம்.

லினெட்டுக்கு எல்லாம் முடிந்திருந்தது, ஒரு கடைவாய்ப் பல் வேர் சிகிச்சையைத் தவிர. ஊருக்குள் இருக்கிற சாரத்திலிருந்து எல்லையில் இருக்கிற கனகசெட்டிக்குளம் வரைக்கும் மாதக் கணக்கில் தேடிவிட்டாள். ஆம்பிட்டதெல்லாம் வெறுமனே அடைத்து அனுப்பிவிடுகிற சின்னச் சொத்தை. வேர் வரை போனதாக ஒன்றும் இல்லை.

போன வாரம்தான் ஆனந்தமேரி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தானாக வந்து வாயைத் திறந்து காட்டினாள்.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமையோடு பரீட்சைப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து, கூடப் படிக்கிற எழிலரசன் எட்டிப் பார்த்தான். “கடைசிக் கேஸும் முடியப்போவுது. பிரியாணி எப்ப லினெட்?”

அவள் குட்டைக் கம்பியைத் தட்டில் வைத்தாள்.

சொன்னால் கேஸ் கையை விட்டுப் போகும். பரீட்சை ஆறு மாதம் தள்ளிப் போகும்.

சொல்லாவிட்டால், ஒடிந்த துண்டுக்கு மேலேயே மருந்தை அடைத்து மூடிவிடலாம். எக்ஸ்ரேயில் மருந்தும் வெள்ளைக் கோடு, கம்பியும் வெள்ளைக் கோடு. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஆனால் துண்டுக்குக் கீழே அழுக்கு நின்றுபோனால் ஒரு நாள் உள்ளே சீழ் வைக்கும். கன்னம் வீங்கும். பல்லே போனாலும் போகும்.

ஆனந்தமேரியின் வாயை நீல ரப்பர் ஷீட் மூடியிருந்தது. அவளால் பேச முடியாது. கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

அந்தக் கண்கள் லினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருமுறை மெல்ல மூடித் திறந்தன. எனக்கு ஒன்றுமில்லை, நீ பார் என்கிற மாதிரி.

லினெட்டின் கை, வேரை அடைக்கிற மருந்துக் குச்சியை எடுத்தது.

பல்லுக்கு மேலே வரைக்கும் கொண்டு போனது.

அங்கேயே நின்றது.

“சார்” என்றாள். குரல் வெளியே வரவில்லை.

“சார்!”

இந்தத் தடவை எல்லா நாற்காலிகளும் திரும்பிப் பார்த்தன.

மேற்பார்வை பார்க்கிற விஜயராகவன் சார் வந்தார். குட்டைக் கம்பியைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பார்த்தார், ரப்பர் ஷீட்டைக் கழற்றச் சொன்னார்.

“உள்ள ஒரு சின்னத் துண்டு ஒடைஞ்சிருக்கும்மா. எல்லார் கையிலயும் எப்பவாவது ஒடையறதுதான். எடுத்துடலாம், பயப்படாதீங்க.” பிறகு லினெட் பக்கம் திரும்பினார். “ஆனா இனிமே இது உன் கேஸ் இல்ல. சீனியர் பாக்கட்டும்.”

லினெட் தலையை ஆட்டினாள். முகக்கவசம் கண்ணுக்குக் கீழே நனைந்துகொண்டிருந்தது.

சார் கேஸ் சீட்டைப் புரட்டினார்.

“நாலு மாசமா வலின்னு எழுதியிருக்கு. பெத்த பொண்ணே இங்க படிக்குது. முன்னாடியே வந்து காட்டக் கூடாதாம்மா?”

ஆனந்தமேரி மரத்துப்போன உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு லினெட்டைக் காட்டினாள்.

“அப்ப சொத்த சின்னதா இருந்துச்சு சார். சின்னது கேஸுக்கு ஆவாதுன்னு இது ராவும் பகலும் பொலம்பிக்கிட்டு கெடந்துச்சு. அதான், நல்லா ஆழமாவட்டும்னு உட்டுட்டேன்.”

எழிலரசன் பிரியாணிப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

லினெட்டைப் பக்கத்தில் இழுத்து, யாருக்கும் கேட்காத மாதிரி ஆனந்தமேரி சொன்னாள்:

“ஏண்டி அழுவுற? எனக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. வெள்ளிக்கெழமைக்குள்ள அத முடிச்சிடலாம்ல?”

வாயைத் திறந்து காட்டினாள்.

லினெட் விளக்கை இழுத்துவைத்து, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில் அத்தனை பல்லும் சுத்தமாக, கல்லு மாதிரி இருந்தன. ஒரு புள்ளிகூட இல்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லோரும் கடித்துத் தின்று சிரித்துக்கொண்டு இருக்கட்டும். உங்களுக்காக என்று ஒருவரும் அந்த வீட்டில் வலியை மறைத்து வைக்காமல் இருக்கட்டும்.