அப்புறம் என்ன சொன்னான்?

“இன்னிக்கு வேண்டாம்மா. என்னை விட்டுடுங்களேன்” என்றான் அவன், கட்டிலில் பாதி சாய்ந்தபடி.

“பேசாம படு” என்றாள் அந்த அம்மா. ஒப்புதல் தாளை வாங்கி அவன் மடியில் வைத்து, பேனாவைத் திறந்து விரல்களுக்கு இடையில் சொருகினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் தனியாக உப்பி, தோல் பளபளவென்று இழுபட்டு நின்றது. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை நீரை எடுக்க இங்கே வருவான். துணைக்கு வருவது எப்போதும் இந்த அம்மாதான்.

நர்ஸுக்கு அந்த வார்டில் அது முதல் வாரம். அடிவயிற்றின் இடது பக்கத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, “உள்ளே குளம் வெட்டி வச்சிருக்கீங்க போல. மீன் வந்தா எனக்குத்தான்” என்றாள். அவன் சிரிக்கப் பார்த்தான். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

டாக்டர் முதலில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார், பிறகு பெரிய ஊசியை இறக்கினார். மஞ்சள் நீர் குழாய் வழியே கட்டிலுக்குக் கீழிருந்த பாட்டிலில் விழத் தொடங்கியது. “பிரஷரைப் பாத்துக்கிட்டே இருங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஈரத்துணியால் அவன் நெற்றியை ஒற்றியபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“சொல்லு. போன தடவை ரயில்வே கேட்டுல விட்டே.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “கேட் மூடியிருந்துச்சும்மா. நல்ல மழை. தம்பி கண்ணாடியை இறக்கிக் கையை வெளிய நீட்டினாரு.”

“அப்புறம் என்ன சொன்னான்?”

“‘அண்ணே, சரக்கு வண்டி வருது, எத்தனை பெட்டின்னு எண்ணுவோமா’ன்னு கேட்டாரு. எண்ணினோம். நாப்பத்தி ரெண்டு.”

“நாப்பத்தி ரெண்டு” என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நர்ஸுக்கு அந்தத் தம்பி உயிரோடு இல்லை என்பது புரிந்துவிட்டது. செத்துப்போனால் சின்னவனுக்குக்கூட மரியாதை வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“அதுக்கு மேல கேக்காதீங்கம்மா.”

“கேட்டுலேருந்து லாரி மோதின இடம் வரைக்கும் பத்து நிமிஷம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிடறே. இன்னிக்குச் சொல்லிடு.”

“சிஸ்டர், தலை சுத்துது” என்றான் அவன்.

நர்ஸ் பார்த்தாள். “பிரஷர் நல்லாத்தானே இருக்கு.”

பாட்டில் நிரம்பியது. நர்ஸ் குழாயை அடைத்து வேறு பாட்டிலை வைத்தாள். மறுபடி நீர் விழும் சத்தம் கேட்டதும் அவன் பேச ஆரம்பித்தான், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

“நான் குடிச்சிருந்தது தம்பிக்கு அப்பதான் தெரிஞ்சுது. ‘நீங்க பின்னால படுத்துக்கங்கண்ணே, நான் ஓட்டறேன்’னு சாவியைப் பிடிச்சாரு. நான் கையைத் தட்டிவிட்டேன். ‘மீசை முளைக்காத பயகிட்ட என் வண்டியைக் குடுப்பேனா’ன்னு சிரிச்சேன். அப்புறம் அவரு வாயே திறக்கலம்மா. பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கிட்டு வந்தாரு. பயந்துட்டாரு.”

அவளுடைய கை அவன் நெற்றியிலேயே நின்றுவிட்டது. துணியிலிருந்து வடிந்த தண்ணீர் அவன் காதோரமாக இறங்கித் தலையணையை நனைத்தது.

“கண்ணை மூடினா பக்கத்துல உக்காந்திருக்காரும்மா. பெல்ட் போட்டுக்கிட்டு. ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாரு. என்னைச் சாக விட்டுடுங்க.”

அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். போனவள் வரமாட்டாள் என்றுதான் நர்ஸ் நினைத்தாள். ஆனால் சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து அவன் நெற்றியில் வைத்தாள்.

“பேசாம வந்தான்னா, பேசாம வந்ததைச் சொல்லு. எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தான்?”

ஐந்து லிட்டர் ஆனதும் டாக்டர் வந்து ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டார். வயிறு தளர்ந்து கிடந்தது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான்.

அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ள அந்த அம்மா வெளியே வந்தாள். சீட்டை எழுதிக் கொடுத்த நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரு புள்ளையை வாரிக் குடுத்துட்டு, அதுக்குக் காரணமானவரையே இப்படிப் பாத்துக்கறீங்களே. நானா இருந்தா முகத்துலகூட முழிச்சிருக்கமாட்டேன்.”

“நானும் ரெண்டு வருஷம் முழிக்கல. ஆனா அவனோட கடைசி முக்கால் மணி நேரம் இவன்கிட்டதானே இருக்கு? இவனும் போயிட்டா நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?”

“அதெல்லாம் சரிதாம்மா. இருந்தாலும் இவரும் உங்க வயித்துல பிறந்தவருதானே. அந்தப் பாசம் விடுமா?”

அந்த அம்மா சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“நான் பெத்தது ஒண்ணுதாம்மா. இவன் வாடகை வண்டி டிரைவர்.”