பதினான்கு ஊர்ச் சாமை

படித்ததுகளுக்குப் பொய் எழுதக்கூடத் தெரிவதில்லை. என் மகள் சுவேதா மேல்படிப்புக்கு மனு எழுதினாள். பழைய ஆராய்ச்சி லேபை ஏன் பாதியில் விட்டாய் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

"உடம்பு சரியில்லன்னு எழுதித் தொலை."

"மாட்டேன்பா. ஜவ்வாது மலையில பதினாலு ஊருல எடுத்த சாமைன்னு புரொபசர் கணக்கு காட்டினாரு. சோதிச்சா எல்லாம் ஒரே வயலு சாமை. அதான் வெளிய வந்தேன்னு எழுதுவேன்."

"அவுரு பெரிய படிப்பு. நீ இன்னாத்த கண்ட? சாட்சி இல்லாம எழுதினா சீட்டு போய்டும்."

"சாமை குடுத்தவன் ஒருத்தன் இருப்பான் இல்ல? அவன் வந்து சொல்லட்டும்."

அவன் சொல்லமாட்டான். மலையேறப் பயந்து அடிவாரத்துச் சந்தவாசல் டீக்கடையிலேயே காரை நிறுத்திக்கொண்ட அந்தச் சோம்பேறிப் புரொபசருக்கு, என் வயல் சாமையைப் பதினான்கு பைகளில் கட்டிக் கொடுத்தவன் நான்தான்.