காக்கை இறங்கவில்லை

“அவரே எழுந்து வந்து நிக்கிற மாதிரி இருக்கு, அண்ணே!” என்று வடிவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்துப்போன புருஷனின் காக்கிக் கோட்டைத் தன் அண்ணன் வயிரவனுக்கு மாட்டிவிட்டு, தொப்பியையும் அவர் தலையில் அவளே வைத்தாள்.

வயிரவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பினாங்கு டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். டிராமில் இந்த ஆயர் ஈத்தாம் ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து, இந்த வீட்டுக்கு இனி தானே எஜமான் என்றுதான் நடந்துகொண்டிருந்தார்.

வடிவம்மாளின் மகள் பொன்னம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை நெருங்கும் நேரத்தில், படிப்பை நிறுத்தித் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்க அலைகிற மாமா இவர். அப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்கவிட்டதில்லை. இவருக்குப் போய் அப்பாவின் கோட்டா? அம்மாவுக்குச் சூடு சொரணையே கிடையாதா?

அன்று அப்பா சின்னையாவின் பதினாறாம் நாள் காரியம். முற்றத்துக் கல்லின்மேல் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். பொரித்த கெளுத்தி, பலாச்சுளை, ஒரு சுருட்டு. காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் மனிதர்களுக்குப் பந்தி.

காத்திருக்கும் நேரத்தில் பேச்சு சின்னையாவைச் சுற்றியே ஓடியது. மலைச்சரிவில் காட்டைத் திருத்தி ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட மனிதர். காட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் பொண்டாட்டியோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். மகளைத் தோளில் தூக்கி ஓடையைத் தாண்டி, டிராமில் ஏற்றிவிட்ட பிறகுதான் அவருக்குக் காலைக் கஞ்சியே.

“பன்னி வேட்டைக்கு நானும் போவேன். விளக்கு மட்டும் பிடிப்பேன், கறிப் பங்குன்னா ஓடிருவேன்,” என்றார் பக்கத்துத் தோட்டத்து நூர் முகம்மது. எல்லாரும் சிரித்தார்கள். “வீட்டுல இருந்தாலும் அண்ணன் துப்பாக்கி சும்மா இருக்காது. காலையில இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு முற்றத்துல இறங்கினாருன்னா...”

“தம்பி, காப்பி ஆறுது, குடிங்க,” என்று வடிவம்மாள் குவளையை அவர் கையில் திணித்தாள்.

வயிரவன் இலைக்குப் பக்கத்தில் போய் நின்று, “கா... கா...” என்று கூப்பிட்டார். ரம்புத்தான் மரத்தில் காக்கைகள் கூட்டமாகத்தான் இருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

வெயில் ஏறியது. பாயசம் ஏடு கட்டியது. வயிரவனின் மகன் பெரியகருப்பன் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சானுக்கு ஏதோ ஒரு குறை, வடிவு.” வயிரவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார், தெருக்கோடிவரை கேட்கும்படி. “வேற என்ன, இந்தப் புள்ளைய நெனச்சுத்தான். பொட்டப்புள்ள இங்கிலீஷு படிச்சு யாருக்கு என்ன ஆவப்போவுது? என் மகனைக் கட்டிக்கிறேன்னு அவ வாயால சொல்லட்டும். காக்கா வருதா இல்லையா பாரு.”

வந்திருந்தவர்கள் பசியில் தலையாட்டினார்கள். பசித்தவர்களுக்கு எந்த நியாயமும் நியாயம்தான். பொன்னம்மை அம்மாவைப் பார்த்தாள்.

“சொல்லிருடி,” என்றாள் வடிவம்மாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

பொன்னம்மை அழுதுகொண்டே இலையைப் பார்த்துச் சொன்னாள். “அப்பா, நான் பரீட்சை எழுதல. மாமா மகனைக் கட்டிக்கிறேன்.”

காக்கைகள் எழுந்து, தூரத்துத் தென்னைக்குப் போய் உட்கார்ந்தன.

“அலாமாக்! வேண்டாங்கிறாரு லா!” என்று மலாய் கலந்து வியந்தது கூட்டத்தில் ஒரு குரல்.

“சத்தம் பத்தல! மச்சான் காதுல விழற மாதிரி சொல்லு!” என்ற வயிரவன், கோட்டு பறக்க முற்றம் முழுக்க ஓடிக் கையை ஆட்டினார். காக்கைகள் தென்னையையும் விட்டுப் பறந்தன.

“அந்த மனுஷன் இன்னும் எத்தனை தடவைதான்யா வேண்டாம்னு சொல்லுவாரு?” என்றார் நூர் முகம்மது. பசியை மறந்து கூட்டம் சிரித்தது.

வடிவம்மாள் அண்ணனின் கையைப் பிடித்தாள். “வேர்த்துக் கொட்டுது, அண்ணே. இதையெல்லாம் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போய் இளநீ குடிங்க. புள்ள இன்னொரு தடவை கேட்டுப் பாக்கட்டும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பொன்னம்மை இலைக்கு முன்னால் வந்தாள். அழுகை போய்க் கோபம்தான் மிச்சமிருந்தது.

“அப்பா, நான் பரீட்சை எழுதத்தான் போறேன். பாஸாகி டீச்சர் வேலைக்குப் போவேன். இப்ப யாரையும் கட்டிக்க மாட்டேன். இதாவது சம்மதமா?”

ஒரு காக்கை வேலியில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. கல்லுக்குத் தாவியது. கெளுத்தியைக் கவ்வியது. அடுத்த கணம் இலையே தெரியவில்லை, அத்தனை காக்கை.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வாசலில் இளநீரோடு நின்ற வயிரவனும் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்வார்? “மச்சானே சொல்லிட்டா நான் யாரு? புள்ள படிக்கட்டும்.” பெரியகருப்பன் முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தான்.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு பொன்னம்மை உள்ளே ஓடினாள். “பாத்தியாம்மா? நீ என்னைக் கைவிட்டுட்டே. அப்பா விடல! எங்கிருந்தோ கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு!”

வடிவம்மாள் கோட்டையும் தொப்பியையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“அப்பா தினமும் காக்கா சுட்டதை மட்டும் மாமாகிட்ட உளறிராதே.”