இரண்டாவது கை

"மரத்துக்குள்ள தண்ணி ஏத்துற மோட்டாருக்கு நைட் ஷிப்ட்டு யாரு டீச்சர்?"

ஆறாம் வகுப்பில் மணிமொழி கேட்ட கேள்வி இது.

அவள்மேல் தப்பில்லை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் வேலை. நிலக்கரிக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் நின்று பார்க்காமல் நெய்வேலியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே வராது. தென்னைமரம் மட்டும் என்ன, ஆகாயத்திலிருந்தா வந்தது?

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "வேற எந்தப் புத்திசாலிக்காவது இந்தச் சந்தேகம் இருக்கா?" என்றார்.

ஒரு கை உயர்ந்தது. பக்கத்து பெஞ்ச் ஆனி.

"எனக்கும் இருக்கு டீச்சர்."

சிரிப்பு இரண்டாகப் பிரிந்தது. அன்றிலிருந்து ஒருத்தி மோட்டார் ஒண்ணு, இன்னொருத்தி மோட்டார் ரெண்டு. ஒரு முட்டாளுக்கு இன்னொரு முட்டாள் கிடைத்துவிட்டால் பள்ளிக்கூடம் அவ்வளவு கஷ்டமான இடமில்லை.

அடுத்த வருடம் ஆனியின் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

இப்போது மணிமொழிக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, தொலைதூரக் கல்வியில் இயற்பியல் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்ஷிப்பிலேயே வகுப்பு. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். பாடம் நடத்த வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். பதற்றத்தில் அவளும், "உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பருவத்தில் ஒரு பாடம், உயிர் இயற்பியல் அறிமுகம். அதில் இன்றைய தலைப்பு, மரத்தில் நீர் ஏறும் விதம்.

இந்த நாளுக்காக அவள் ஒரு வாரம் தயார் செய்திருந்தாள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முழு விடையையும் சொல்லி முடிக்கப் பழகியிருந்தாள். பூஜை அலமாரியில் இருந்த முருகனிடமும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினாள். அவர் குறுக்கே எதுவும் கேட்கவில்லை.

"மெடல் குடுத்தாலும் குடுப்பாங்க. கழுத்த காலியா வச்சிக்க" என்றார் வீட்டுக்காரர்.

பேராசிரியர் கருணாகரன் கரும்பலகையில் நெடிய மரம் ஒன்றை வரைந்தார். "உச்சி இலைக்குத் தண்ணி எப்படிப் போகுது? யார் சொல்றீங்க?"

மணிமொழியின் கை மேலே எழும்பத் தொடங்கியது. அவசரமில்லாமல், நாற்பது வருட மரியாதையோடு.

அதற்குள் முன் பெஞ்சில் இசைப்பிரியா எழுந்துவிட்டாள். வாரம் முழுக்க பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற பெண். விரல் நுனியெல்லாம் கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கறுத்திருக்கும். காலையில் டீக்கடையில்தான் மணிமொழியிடம் சொன்னாள், இன்றைக்கும் ஒன்றும் புரியவில்லையென்றால் இதோடு நின்றுவிடப் போவதாக.

"போன வாரம் ரத்தத்த இதயம் தள்ளுதுன்னு சொன்னீங்களே சார். மரத்துக்கு இதயம் எங்க இருக்கு? வேர்லயா?"

வகுப்பு குலுங்கியது.

"நெஞ்சு வலி வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறது?" என்றது ஒரு குரல்.

கருணாகரன் கெட்டவரில்லை. ஏழு நாளும் வகுப்பெடுக்கிற அலுப்பு. "வேற யாருக்காவது இந்தச் சந்தேகம் இருக்கா?" என்று சிரித்தார்.

இசைப்பிரியா உட்காரவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அப்போதுதான் எல்லோரும் திரும்பினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு கை ஏற்கெனவே உயர்ந்து நின்றது.

"சொல்லுங்கம்மா."

விடை நாக்கு நுனியில் இருந்தது. மூன்று விசில் விடை. மணிமொழி அதை அப்படியே விழுங்கினாள்.

"எனக்கும் அதே சந்தேகந்தாங்க."

"ஆயா, நீங்களுமா?" என்றது அதே குரல். சிரிப்பு இரண்டாகப் பிரிந்தது.

ஒருத்திக்குத் தெரியாவிட்டால் வேடிக்கை. இரண்டு பேருக்குத் தெரியாவிட்டால் பாடம் நடத்தியாக வேண்டும். கருணாகரன் சாக்பீஸை எடுத்தார். இலையிலிருந்து ஒரு துளி ஆவியாகிப் போகும்போது, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் துளியை இழுத்துவிட்டுப் போகிறது. அது அதற்கடுத்ததை இழுக்கிறது. இப்படியே வேர் வரைக்கும். தள்ளுவதற்கு இதயமும் இல்லை, மோட்டாரும் இல்லை.

மணிமொழி ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். நடுவில் ஓரிடத்தில் புரியாதவள்போலப் புருவத்தையும் சுருக்கினாள். முன் பெஞ்சில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இசைப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டு போவ சொல்ல அடுத்த சொட்டயும் கைய புடிச்சிக்கினு போவுதுங்கம்மா. அவ்ளோதான். வெளங்குதுங்களா?"

"இப்பதான் பாப்பா வெளங்குது."

"அடுத்த வாரம் எம்பக்கத்துல வந்து உக்காருங்க. நான் சொல்லித் தரேன்."

பண்ருட்டி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. மணிமொழி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். மெடலுக்குக் காத்திருக்கும் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனி வீட்டு ஜன்னலைப் பற்றியே அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பில் ஊரே சிரித்த அந்தச் சாயங்காலம், அவள் ஆனியின் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தாள். அங்கே ஜன்னலில் ஒரு பாட்டில். சிவப்பு மைத் தண்ணீரில் ஒரு காசித்தும்பைச் செடி. தண்டு வழியே மை ஏறி, இலை நுனி வரை நரம்பெல்லாம் சிவந்து, செடி வாடவே தொடங்கியிருந்தது. வைத்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். வகுப்பில் கேள்வி வந்ததோ அன்றைக்குத்தான்.

மணிமொழி அதைப் பார்ப்பதை ஆனி பார்த்தாள். எழுந்துபோய், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.