பசை காயுமுன்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கூடத்துத் தரையில் விரித்திருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளில் இருக்கும் சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராமல், பாண்டிச்செல்வியும் பதினைந்து வயது மகள் நாகஜோதியும் அவற்றை வெட்டி, சுவரில் மாட்டுவதற்காக ஒரு பெரிய அட்டையில் ஒட்டுகிறார்கள். மைதாப் பசை மணக்கிறது. கை அட்டையின் நடுவில் பிள்ளையாரை ஒட்டினாலும், பாண்டிச்செல்வியின் கண் மகளின் பாவாடை ஓரத்திலேயே இருக்கிறது. அதற்கடியில் எதையோ மூன்றாவது முறையாக நாகஜோதி உள்ளே தள்ளுகிறாள். "என்னத்தடி ஒளிக்கிற?" "ஒண்ணுமில்லம்மா." "ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு வேர்க்குது? எவன் குடுத்தான்?" "எவனும் குடுக்கல. நீ தும்பிக்கைய மடிக்காம ஒட்டு." எந்தப் பையனோ, என்ன எழுதியிருக்கிறானோ என்று தாய்க்குச் சந்தேகம். சட்டென்று கையை நீட்டி அதை இழுத்துவிடுகிறாள். கறுப்புக் கரை போட்ட அட்டை. புருஷனின் கருமாதிப் பத்திரிகை. வீட்டில் வைக்கக்கூடாதென்று போன வருஷமே எல்லாவற்றையும் அவள் கிழித்துப் போட்டிருந்தாள். "இதுலதாம்மா அப்பா சிரிக்கிறாரு," என்கிறாள் மகள், தலை நிமிராமல். பாண்டிச்செல்வி கத்தரிக்கோலை எடுக்கிறாள். நாகஜோதி பதறி அவள் கையைப் பிடிக்கிறாள். "விடுடி." கறுப்புக் கரையை மட்டும் சுற்றிலும் மெதுவாக நறுக்கிவிட்டு, அந்தச் சிரிப்பின் பின்புறத்தில் பசை தடவுகிறாள். "பசை இன்னும் காயல. பிள்ளையாரக் கொஞ்சம் தள்ளி ஒட்டு."